7 கிலோவுக்குள் ஒரு பெட்டி: கேபின் சூட்கேஸ் வந்த வழி

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, முதல் தடவையா சிங்கப்பூருக்கு ஆன்சைட் போறேன். வெயிட்டே இல்லாத ஒரு கேபின் பேக் சொல்லுங்க." அவ்வளவுதான் மெசேஜ். ஒரு பிராண்ட் பேரைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம், பத்து செகண்ட் வேலை. ஆனா யோசிச்சுப் பார்த்தா கேள்வியே விசித்திரமா இருக்கு. பொருளை வைக்கத்தானே பெட்டி? அந்தப் பெட்டியே கனமா இருக்கக்கூடாதுன்னு நாம தேடித்தேடி வாங்குற நிலைமை எப்படி வந்தது? அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்த எபிசோட் இவ்வளவு நீளமாயிடுச்சு.

"கேபின்" என்ற வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். அது விமானத்துக்குக் கப்பலிலிருந்து வந்த சொல். 19ஆம் நூற்றாண்டு நீராவிக் கப்பல்களில் பயணிகளின் பெரிய டிரங்குகள் எல்லாம் கீழே சரக்கு அறைக்குப் போய்விடும். "பயணத்தில் தேவையில்லை" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு அதில் ஒட்டியிருக்கும். இன்னைக்கு நாம சொல்ற செக்-இன் லக்கேஜ்தான் அது. கூடவே வைத்துக்கொள்ள இன்னொரு பெட்டி உண்டு. உயரம் குறைவாக, படுக்கைக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி செய்திருப்பார்கள். அதற்குப் பெயரே கேபின் டிரங்க். 1858இல் லூயி வித்தோன் மூடி தட்டையாக இருக்கிற டிரங்கைக் கொண்டுவந்ததும் இதே காலத்துக் கதைதான். அதுக்கு முன்னாடி மழைத்தண்ணி வழிஞ்சு ஓடணும்னு மூடியை வளைவா செய்வாங்க. வளைஞ்ச மூடி மேல இன்னொரு பெட்டியை அடுக்க முடியாது இல்லையா?

இங்க ஒண்ணைக் கவனிங்க. பெட்டியின் அளவைத் தீர்மானித்தது கப்பல் படுக்கையின் உயரம். எடையை யாரும் கேட்கவில்லை. ஏன்னா தூக்குறவர் வேற ஒருத்தர். மரச்சட்டம், இரும்புப் பட்டை, தோல், பித்தளைப் பூட்டு என்று எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்தார்கள். பணம் இருக்கிறவருடைய பெட்டியை இன்னொருவர் முதுகு சுமந்தது. இந்தக் கதை முழுக்க அந்த முதுகு நம்ம கூடவே வரும்.

விமானம் வந்ததும் கணக்கு மாறியது. 1920, 30களில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் பயணியையே பெட்டியோடு சேர்த்து எடை போட்டது. இன்னைக்கு கவுண்டர்ல நம்ம பேக்கை மட்டும்தான் வைக்கச் சொல்றாங்க, அந்த மட்டும் சந்தோஷம். உலகப் போருக்குப் பிறகு சர்வதேச விமானங்களில் எகானமிக்கு 20 கிலோ, முதல் வகுப்புக்கு 30 கிலோ என்று ஒரு வழக்கம் நிலைத்தது. அதெல்லாம் கீழே போகிற பெட்டிக்கு. தலைக்கு மேலே இருந்தது தொப்பியும் கோட்டும் வைக்கிற திறந்த தட்டு மட்டும்தான். இப்போ நாம பார்க்கிற கதவு போட்ட ஓவர்ஹெட் பின், 1970இல் சேவைக்கு வந்த போயிங் 747 காலத்தில்தான் பரவலானது.

அதே 1970இல்தான் பெட்டிக்குச் சக்கரமும் வந்தது. பெர்னார்ட் சாடோ என்பவர் அமெரிக்காவில் ஒரு லக்கேஜ் கம்பெனியின் துணைத் தலைவர். குடும்பத்தோடு அரூபா தீவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, புவேர்ட்டோ ரிக்கோ சுங்கச் சோதனையில் இரண்டு கனமான சூட்கேஸ்களோடு நிற்கிறார். அங்கே ஒரு தொழிலாளி பெரிய இயந்திரம் ஒன்றைச் சக்கரப் பலகையில் வைத்து அலட்டிக்கொள்ளாமல் தள்ளிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்துத்தான் இவருக்கு யோசனை வந்தது. ஊருக்கு வந்து ஒரு பெட்டியில் நான்கு சின்னச் சக்கரங்களைப் பொருத்தினார், ஒரு வாரை மாட்டினார், இழுத்தார். 1972இல் காப்புரிமையும் கிடைத்தது. முன்பெல்லாம் போர்ட்டர்கள் பெட்டியைத் தெருப் பக்கமே கொண்டுவந்து சேர்த்தார்கள், இன்றைய பெரிய முனையங்களில் அது கஷ்டமாகிவிட்டது என்று அந்தக் காப்புரிமை ஆவணமே சொல்கிறது. அதாவது, சக்கரம் பழைய கண்டுபிடிப்புதான். புதுசா வந்தது போர்ட்டர் இல்லாத நீளமான கட்டிடம்.

"மனுஷன் நிலாவுல கால் வச்ச பிறகுதான் பெட்டிக்கு சக்கரம் வந்துச்சு" என்று ஒரு வாக்கியம் எல்லா இடத்திலும் சுத்துது. கேட்க நல்லா இருக்கு, பாதிதான் உண்மை. பெட்டியில் கட்டிக்கொள்கிற சக்கரப் பட்டைகள் 1940களிலேயே பிரிட்டனில் விளம்பரமாகியிருக்கின்றன. அவை பெரும்பாலும் பெண்களுக்கான பொருளாகவே விற்கப்பட்டன. சாடோ தன் பெட்டியை நியூயார்க் கடைகளுக்கு எடுத்துக்கொண்டு போனபோது கடைக்குக் கடை திருப்பி அனுப்பினார்கள். ஆம்பளை எவனும் பெட்டியை இழுத்துக்கிட்டுப் போக மாட்டான், தூக்கிக்கிட்டுத்தான் போவான் என்கிற நினைப்பு. மேசிஸ் கடையிலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், பிறகு மேலதிகாரி ஒருவர் தலையிட்டு எடுத்துக்கொண்டார். சுவீடன் எழுத்தாளர் கத்ரீன் மார்சல் இதை வைத்தே, ஆண்மை பற்றிய கற்பனை ஒரு கண்டுபிடிப்பைப் பல வருஷம் தள்ளிப்போட்டது என்று வாதிடுகிறார். எனக்கு அதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனா அதோட கூலி கணக்கையும் சேர்த்துப் பார்க்கணும்னு தோணுது. எழும்பூர் ஸ்டேஷனில் சிவப்புச் சட்டைக்காரர் தலைமேல் இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை என்று சுமந்துகொண்டு வரும்வரை, நம்ம ஊரில் சக்கரம் யாருக்குத் தேவைப்பட்டது? 2008 ரயில்வே பட்ஜெட்டில் லாலு பிரசாத், உரிமம் பெற்ற போர்ட்டர்களுக்கு கேங்மேன் வேலை என்று அறிவித்தார். அதற்குள் பிளாட்பாரம் முழுக்க டிராலிச் சத்தம் வந்துவிட்டிருந்தது.

சாடோவின் பெட்டியில் ஒரு வடிவமைப்புச் சிக்கல் இருந்தது. நீளமான பக்கம் தரையில், வாரைப் பிடித்து இழுக்கணும். நாய்க்குட்டியைக் கயிறு கட்டிக் கூட்டிப் போற மாதிரி. வளைவில் திரும்பினால் பெட்டி சாய்ந்துவிடும், சரிவில் பெட்டி நம்மை முந்தும். 1987இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் 747 ஓட்டிக்கொண்டிருந்த ராபர்ட் பிளாத் என்ற விமானி இதைத் தீர்த்தார். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தினார். ஒரு பக்கம் மட்டும் இரண்டு சக்கரம், மேலே உள்ளே வெளியே நகர்கிற விறைப்பான கைப்பிடி. சாய்த்துப் பிடித்தால் எடையின் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போகும், கைக்குக் கொஞ்சம்தான் வரும். நெம்புகோல், எட்டாம் வகுப்பு இயற்பியல். நின்றபடி வருவதால் அகலம் குறைவு, விமானத்தின் நடைபாதையில் நேராக உருட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் சக ஊழியர்களுக்குத்தான் விற்றார். சீருடையில் விமானிகளும் ஏர் ஹோஸ்டஸ்களும் இதை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்த பயணிகள், எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். விமானி வேலையை விட்டுவிட்டு டிராவல்புரோ என்ற கம்பெனியை நடத்தப் போனார் பிளாத். நாம இன்னைக்கு உருட்டுற எல்லா கேபின் டிராலிக்கும் அதுதான் பாட்டன்.

என்னோட வாதம் இங்கதான் இருக்கு. பிளாத் அமெரிக்கர். அமெரிக்க விமானக் கம்பெனிகள் கைப்பெட்டிக்குப் பெரும்பாலும் அளவைத்தான் பார்க்கின்றன: 22 அங்குலம், 14 அங்குலம், 9 அங்குலம். நம்ம கணக்கில் 56, 36, 23 சென்டிமீட்டர். எடை வரம்பு பொதுவாகக் கிடையாது. உங்களால் தூக்கி மேலே வைக்க முடிந்தால் சரி. அந்த உலகத்தில் கைப்பிடிக்கு உலோகக் குழாய், சக்கரத்துக்கு அச்சு, இவற்றைத் தாங்க ஒரு சட்டம் என்று எடை ஏறுவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதே வடிவத்தை அப்படியே ஆசியாவுக்குக் கொண்டுவந்து, "கேபின் சைஸ்" என்று சீட்டு ஒட்டி நமக்கும் விற்றார்கள். இங்கே கவுண்டரில் தராசு இருக்கிறது. இண்டிகோ, எமிரேட்ஸ், ஸ்ரீலங்கன், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லாவற்றிலும் எகானமி கைப்பெட்டிக்கு 7 கிலோதான். அளவை மட்டும் பார்க்கிற ஊரில் பிறந்த பெட்டியை நாம் எடை பார்க்கிற ஊரில் உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எடை வரம்புக்குப் பின்னால பாதுகாப்புக் காரணமே இல்லையா? இருக்கு. 1989 ஜனவரி 8ஆம் தேதி பிரிட்டனில் கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு போயிங் 737 விழுந்தது, 47 பேர் இறந்தார்கள். மோதிய வேகத்தில் ஓவர்ஹெட் பின்கள் கிட்டத்தட்ட எல்லாமே கழன்று பயணிகள் மேல் விழுந்தன. தலைக்கு மேலே இருக்கிற எடை வெறும் எண் இல்லை என்பதை அந்த விசாரணை எல்லோருக்கும் காட்டியது. இன்னொன்று 2003 ஜனவரி 8, அதே தேதி. அமெரிக்காவின் சார்லட் விமான நிலையத்தில் 19 இருக்கை கொண்ட சின்ன விமானம் ஒன்று கிளம்பிய உடனே விழுந்து 21 பேரும் இறந்தார்கள். வால் பகுதிக் கட்டுப்பாட்டைப் பராமரிப்பில் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அதோடு விமானம் கணக்கில் காட்டியதைவிடக் கனமாக இருந்தது, பாரம் பின்பக்கம் அதிகம். பயணிகளையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எடை போடாமல் சராசரி வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அந்தச் சராசரி பழசாகிப் போயிருந்தது. மனிதர்களும் பெட்டிகளும் கனத்துவிட்டார்கள், அட்டவணை அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு சராசரியை உயர்த்தியது. கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாவே புரியும்: என்னைக்கோ ஹார்ட்கோட் பண்ணின ஒரு மாறிலி, யாரும் திரும்பிப் பார்க்கலை.

அதுக்காக 7 என்பது இயற்பியல் சொன்ன எண்ணுன்னு நினைச்சுடாதீங்க. சென்னையிலிருந்து லண்டன் போகிற பிரிட்டிஷ் ஏர்வேஸில் கைப்பெட்டி 23 கிலோ வரை இருக்கலாம், நீங்களே தூக்கி வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வளைகுடா வழியா அதே லண்டனுக்குப் போனா 7 கிலோ. விமானங்கள் செய்யப்படுவது அதே போயிங், ஏர்பஸ் தொழிற்சாலைகளில்தான். மேலே இருக்கிற பின்னும் அதே மாதிரிதான். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் எங்கிருந்து வருது? கம்பெனியின் வியாபார முடிவிலிருந்து என்பது என் எண்ணம்.

வியாபாரம் என்றதும் இரண்டு வருஷங்களைச் சொல்லணும். 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்டது. சில நாட்களுக்குக் கைப்பையே கூடாது என்றார்கள், பிறகு 100 மில்லி விதி வந்தது. நம்ம அம்மா கட்டித்தர ஊறுகாய் பாட்டில் செக்-இன் பெட்டிக்குப் போனது அப்போதான். அடுத்து 2008. எரிபொருள் விலை ஏற, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் என்று ஜூனில் வசூலிக்க ஆரம்பித்தது. மற்ற பெரிய கம்பெனிகள் பலவும் பின்னாலேயே வந்தன. விளைவு? எல்லோரும் எல்லாவற்றையும் கேபினுக்குள் கொண்டுவந்தார்கள். பின்கள் நிரம்பின. 2010இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் கைப்பெட்டிக்கும் காசு கேட்டது. 2015இல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 55, 35, 20 சென்டிமீட்டர் என்று ஒரு சிறிய பொது அளவைப் பரிந்துரைத்தது. இதுவும் சின்னதாக்கிக் காசு பார்க்கிற வேலை என்று வட அமெரிக்காவில் கூச்சல் கிளம்ப, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால்தான் உலகத்துக்கே ஒரு பொதுவான கேபின் அளவு இன்றுவரை கிடையாது.

இந்த அழுத்தம் எல்லாம் பெட்டி செய்கிறவர்கள் தலையில் விழுந்தது. என்னோட படிப்புக்குப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஒரு தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் எடை பாதியாகும், ஆனால் வளையாமல் நிற்கிற விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். விறைப்பு, தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அதனால் மெலிதாக்கினால் மட்டும் போதாது, வடிவத்தை மாற்ற வேண்டும். 1919இல் பறந்த யுங்கர்ஸ் எஃப்13 என்ற ஜெர்மன் விமானத்தின் உலோகத் தோல் முழுக்க வரிவரியாக மடிந்திருக்கும், நம்ம ஊர் தகரக் கூரை மாதிரி. மெல்லிய தகடு, மடிப்பினால் விறைப்பு. கொலோன் நகரத்து ரிமோவா கம்பெனி 1937இல் அலுமினியப் பெட்டிக்கு வந்தது, 1950இல் அந்த விமானத்தின் வரிகளைப் பெட்டி மேல் கொண்டுவந்தது. இன்னைக்கு எந்த நூறு ரூபாய் தள்ளுபடி பிளாஸ்டிக் பெட்டியிலும் கோடு கோடா இருக்கே, சும்மா அழகுக்குன்னு நினைக்காதீங்க. அது ஓர் உதவாத அலங்காரமா இருந்தா எப்போவோ போயிருக்கும்.

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். பாலிகார்பனேட் 1.2. அந்த பிளாஸ்டிக்கை 1953இலேயே ஜெர்மனியின் பேயரிலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் ரிமோவா அதில் பெட்டி செய்தது 2000இல். அமுக்கினால் உள்ளே போய்த் திரும்ப வெளியே வரும், உடையாது. அதையும்விட லேசானது பாலிப்ரொப்பிலீன், 0.9தான், தண்ணீரில் மிதக்கும். நம்ம வீட்டுப் பரணில் கிடக்கிற பழைய பிளாஸ்டிக் சூட்கேஸ், சமையலறை டப்பா எல்லாம் பெரும்பாலும் அந்த இனம். அதுல விறைப்பு போதாது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதுக்கு ஒரு வழி கண்டாங்க. பாலிப்ரொப்பிலீனை இழுத்து நாடாவாக்கு, துணி மாதிரி நெய், சூட்டில் அமுக்கு. நாடாவின் மேல் தோல் மட்டும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள்ளே இழுபட்ட வலிமை அப்படியே இருக்கும். இந்த வகைத் துணியில் சாம்சொனைட் 2008இல் காஸ்மோலைட் என்ற சிப்பி வடிவப் பெட்டியைக் கொண்டுவந்தது. கேபின் அளவு 2 கிலோவை ஒட்டி நின்றது. வெயிட் குறைந்த இடம் இன்னொன்றும் உண்டு: இரண்டு பாதிகளைச் சேர்க்கிற உலோகச் சட்டம் போய், அந்த இடத்தில் ஜிப் வந்தது.

இப்போ நம்ம நேயருக்கான கணக்கு. வரம்பு 7 கிலோ. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஹார்ட்ஷெல் கேபின் டிராலி 3 கிலோவை ஒட்டி இருக்கும். மிச்சம் 4. ஆபீஸ் லேப்டாப், சார்ஜர், அடாப்டர் எல்லாம் சேர்த்து 2 கிலோ. மிச்சம் 2. ஒரு ஜீன்ஸே அரை கிலோவுக்கு மேல. அலுமினியப் பெட்டி என்றால் காலியாகவே 4 கிலோவைத் தாண்டும், சிங்கப்பூர் வரைக்கும் பெட்டிக்குத்தான் டிக்கெட் எடுத்த மாதிரி. ஒருமுறை சென்னையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு அக்கா, தராசு 8.2 காட்டியதும், பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து அந்த வெயிலில் போட்டுக்கொண்டு, பருப்புப் பொடி பொட்டலத்தை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்தார். தராசு 7 காட்டியது. விமானத்துக்குள் ஏறிய மொத்த எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. கவுண்டரில் இருந்த பொண்ணும் சிரிச்சுட்டாங்க.

அதனால, கடைக்குப் போறப்போ முதல்ல லிட்டரைப் பார்க்காதீங்க, காலிப் பெட்டியோட எடையைப் பாருங்க. சீட்டில் போட்டிருப்பதை நம்பாமல் கையில் தொங்குகிற சின்ன டிஜிட்டல் தராசில் மாட்டிப் பார்ப்பது உத்தமம், சில நூறு ரூபாய்தான். 2.2 கிலோவுக்குக் கீழே என்றால் நல்லது. அடுத்து, நான்கு சக்கரமா இரண்டா? நான்கு சக்கரம் வழவழப்பான ஏர்போர்ட் தரைக்கு சுகம். ஆனால் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அளவில் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், ஆகவே உள்ளே இடம் குறையும். நம்ம நடைபாதைக்கும் இரண்டு சக்கரம்தான் தாங்கும். லேசான பெட்டியில் முதலில் போவது பெரும்பாலும் ஓடு இல்லை, கைப்பிடிதான். முழுக்க இழுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. கடகடன்னு ஆடினா வேண்டாம். ஜிப்பை மூலையில் இரண்டு தடவை சுற்றிப் பாருங்க. துணிப் பெட்டியைக் கேவலமாப் பார்க்காதீங்க, அதே விலையில் அது ஹார்ட்ஷெல்லைவிட லேசாவே கிடைக்கும், பின்னுக்குள் கொஞ்சம் அமுங்கியும் கொடுக்கும்.

சக்கரமே வேண்டாம்னா ஒரு கிலோ பேக்பேக். கைப்பிடி, அச்சு, சட்டம் எதுவும் இல்லை, 7இல் 6 உங்களுக்கு. ஆனா முதுகு உங்களோடது. 25 வயசுல இது பெரிய விஷயமாத் தெரியாது. அப்பா அம்மாவுக்கு வாங்குறதா இருந்தா ஒரு கிலோ போனாலும் பரவாயில்லை, சக்கரத்தோடயே வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. சார்ஜர் வைத்த "ஸ்மார்ட்" பெட்டி பற்றியும் கேட்டிருந்தார். 2018 ஜனவரியிலிருந்து அமெரிக்க விமானக் கம்பெனிகள் பல, கழற்ற முடியாத லித்தியம் பேட்டரி உள்ள பெட்டிகளை ஏற்க மறுத்தன. இந்த வகையைப் பிரபலமாக்கிய புளூஸ்மார்ட் கம்பெனி அந்த மே மாதமே கடையை மூடியது. பவர் பேங்க் தனியா வாங்கிக் கைப்பையில வச்சுக்கோங்க, பெட்டி வெறும் பெட்டியா இருக்கட்டும். விதிகள் மாறிக்கிட்டே இருக்கும், கிளம்புறதுக்கு முந்தின நாள் உங்க டிக்கெட்டுல எத்தனை கிலோ போட்டிருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. சிங்கப்பூர் போற தம்பிக்கு வாழ்த்துகள். அடுத்த வாரம் பார்ப்போம்.